தன்னார்வமும் தட்டிக்கழிப்பும்

2025 பிப்ரவரி நடுவில் அமெரிக்க வனத்துறை ஊழியர்கள் பலருக்கு ஏறக்குறைய ஒரே வாசகம் கொண்ட பணிநீக்கக் கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. நீக்கப்பட்டவர்கள் 2,000 பேர் என்றது துறையை நிர்வகிக்கும் வேளாண் அமைச்சகம். 3,400 பேர் என்றது தொழிற்சங்கம். எல்லோரும் தகுதிகாண் பருவத்தில் இருந்தவர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நேற்றுச் சேர்ந்தவர்கள் என்ற எண்ணம் எழும். உண்மை வேறு. ஆண்டுதோறும் சில மாதங்கள் பருவகாலத் தொழிலாளியாக மலையில் கிடந்து, நெடுங்காலம் காத்திருந்து, அப்போதுதான் நிரந்தர வேலைக்கு வந்தவர்கள் அவர்களில் பலர். பதவி உயர்ந்த காரணத்தாலேயே மறுபடியும் தகுதிகாண் பருவத்துக்குள் வந்து சிக்கியவர்களும் இருந்தார்கள். தீயணைப்புப் பணியாளர்கள் மீது கைவைக்கவில்லை என்று அரசு விளக்கம் சொன்னது. காட்டுத்தீ பரவும் நாட்களில் பாதை வேலையை நிறுத்திவிட்டுத் தீயணைக்கப் போகிறவர்களும், அதற்கான பயிற்சிச் சான்று பெற்றவர்களும் நீக்கப்பட்டோரில் இருந்தார்கள் என்பதை அந்த விளக்கம் சொல்லவில்லை.

மார்ச் 5 அன்று அரசு ஊழியர் முறையீடுகளை விசாரிக்கும் வாரியம், அமைச்சகம் தன் எல்லாத் துறைகளிலும் சேர்த்து நீக்கிய ஏறத்தாழ 6,000 பேரையும் 45 நாட்களுக்குத் திரும்ப எடுத்துக்கொள்ள உத்தரவிட்டது. சிலர் திரும்பினார்கள். சிலர், தாமாக விலகுவோருக்கு அரசு அறிவித்த சலுகையை ஏற்றுக்கொண்டு வெளியேறினார்கள். இதை ஒரு கட்சியின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமாகாது. 2025ஆம் ஆண்டுக்குத் தீயணைப்புக்கு வெளியே பருவகாலத் தொழிலாளர்களை எடுக்கப்போவதில்லை என்ற அறிவிப்பு, முந்தைய ஆட்சியின்போதே, 2024 செப்டம்பரில் வந்துவிட்டது. ஓராட்சி கதவைச் சாத்தியது; அடுத்த ஆட்சி உள்ளே இருந்தவர்களையும் வெளியே அனுப்பியது.

கடல் கடந்த ஒரு நாட்டின் காட்டுப் பாதையைப் பற்றி இவ்விதழ் தலையங்கம் எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். அங்கே நடப்பது, பொதுச் சொத்தைப் பராமரிக்கும் கடமை அரசின் கையிலிருந்து மெல்ல நழுவி, நல்ல உள்ளம் படைத்த குடிமக்களின் தோளில் போய் அமர்ந்த கதை. ஏரியும் குளமும் ஊர்ப்பொதுவாக இருந்த மண்ணில் பிறந்த நமக்கு இந்தக் கதையின் தொடக்கமும் தெரியும், முடிவும் தெரியும்.

முதலில் அந்த நிலத்தைச் சொல்லிவிடுவோம். அமெரிக்காவின் தேசிய வனங்கள் 19.3 கோடி ஏக்கர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைப் போல ஆறு மடங்கு. 1891ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒதுக்கப்படத் தொடங்கிய காடுகள் 1905இல் புதிதாக அமைந்த வனத்துறையின் கீழ் வந்தன. முதல் தலைவர் கிஃபர்ட் பின்சோ. காட்டைப் பூட்டி வைப்பதும் அவர் நோக்கமல்ல, வெட்டித் தீர்ப்பதும் அல்ல; பலர் பல விதமாகப் பயன்படுத்த வேண்டும், நெடுங்காலத்துக்குப் பயன்படுத்த வேண்டும் என்பதே அவர் வகுத்த நெறி. 1960 ஜூனில் அந்த நெறி சட்டமானது. வெளிப்புறப் பொழுதுபோக்கு, மேய்ச்சல், மரம், நீர்ப்பிடிப்பு, வனவிலங்கும் மீனும் என ஐந்து பயன்களை அச்சட்டம் பெயர் சொல்லி ஏற்றது. இன்ன பயன் பெரிது, இன்ன பயன் சிறிது என்ற பூசல் எழக்கூடாது என்று அவற்றை ஆங்கில அகரவரிசையில் அடுக்கினார்கள். இப்படி ஒரு பந்தியில் எல்லோரையும் சமமாக உட்கார வைத்த சட்டம் அது. யார் இலையில் எவ்வளவு விழுந்தது என்பது வேறு கணக்கு.

இந்தக் காடுகளுக்குள் 1,58,000 மைல் நீளத்துக்குப் பாதைகள் ஓடுகின்றன. சுமார் இரண்டரை லட்சம் கிலோமீட்டர்; பூமியை ஆறு முறை சுற்றி வரும் தூரம். நடப்பவர், குதிரையில் போகிறவர், மலைச் சைக்கிள் ஓட்டுபவர், மோட்டார் சைக்கிளில் வருபவர், வேட்டைக்காரர், மீன் பிடிப்பவர், மந்தையை மேலே ஓட்டிச் செல்பவர் என எல்லோருக்கும் இவைதான் வழி. தீ பிடித்தால் தீயணைப்பவர் ஏறிப் போவதும், கால் முறிந்தவரைத் தூக்கி வருவதும் இவற்றின் வழியாகத்தான்.

காட்டுப் பாதை தானாக உண்டாகி, தானாகவே நிலைத்திருக்கிறது என்று எண்ணுவோர் உண்டு. நம் கிராமத்து ஒற்றையடிப் பாதையைப் பார்த்த பழக்கம் அது. சரிவான மலையில் வெட்டிய பாதையைக் கெடுப்பதில் மனிதக் காலைவிடத் தண்ணீருக்கே பங்கு அதிகம். பாதையின் பள்ளப்பக்க விளிம்பு சற்றே தாழ்ந்திருந்தால் மழைநீர் குறுக்கே வழிந்து கீழே இறங்கிவிடும். அந்த விளிம்பில் மண் சேர்ந்து வரப்புபோல் உயர்ந்துவிட்டால் நீர் வெளியேற முடியாமல் பாதையையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடும். இரண்டு மழைக்காலத்தில் முழங்கால் ஆழப் பள்ளம். அதில் நடக்க முடியாதவர்கள் ஓரமாக நடப்பார்கள். அங்கே இரண்டாவது தடம் விழும், பிறகு மூன்றாவது. அரித்த மண் ஓடையில் கலந்து மீன் முட்டையிடும் கூழாங்கல் படுகையை மூடும். சட்டம் ஐந்தாகப் பிரித்துச் சொன்ன பயன்கள் மலையில் இப்படிப் பிரிந்து இருப்பதில்லை. குறுக்கே ஒரு மரமோ கல்லோ பதித்து நீரை வெளியே திருப்பிவிடுவதும், ஆண்டுக்கொரு முறை அந்த வடிகாலில் சேர்ந்த மண்ணை அள்ளிப் போடுவதும்தான் வேலை. மடை பார்க்கத் தெரிந்த எந்த விவசாயிக்கும் அரை நாளில் புரிந்துவிடும். செய்யத்தான் ஆள் வேண்டும், ஆண்டு தவறாமல் வேண்டும்.

மரம் அறுப்பது அவ்வளவு எளிதல்ல. பனி உருகியதும் பாதையின் குறுக்கே மரங்கள் விழுந்து கிடக்கும். தீயில் எரிந்த காட்டில் பட்ட மரங்கள் பல ஆண்டுகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கும். ஜூனில் திறந்த பாதை ஜூலையில் மறுபடியும் மூடும். விழுந்து வளைந்து கிடக்கும் மரத்தில் ஒரு பக்கம் நெருக்குண்டும் மறுபக்கம் இழுபட்டும் இருக்கும். எந்தப் பக்கத்தில் முதலில் வாளை வைப்பது என்று தெரியாதவர் கையில், அறுபட்ட துண்டு சட்டென்று எகிறி ஆளைக் கொன்றுவிடும். அதனால்தான் பயிற்சியும் சான்றும் இல்லாத எவரையும், தன்னார்வலரானாலும், ரம்பம் எடுக்க வனத்துறை விடுவதில்லை. 1964ஆம் ஆண்டு வனாந்தரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பகுதிகளில் இயந்திர ரம்பமே பொதுவாகக் கூடாது. அங்கே இரண்டு பேர் இரு முனையில் நின்று இழுக்கும் பழைய வாள்தான். அந்த வாளைத் தீட்டத் தெரிந்தவர்கள் அமெரிக்கா முழுவதிலும் குறைவு. ஆறு மாதப் பயிற்சி முகாமில் வராத கைவினை அது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மட்டுமே போகும்.

இந்த வேலைகளில் பெரும்பங்கைத் தன்னார்வலர்கள் நெடுங்காலமாகச் செய்து வருகிறார்கள். அவர்களைப் பற்றிக் குறைத்துச் சொல்ல நமக்கு மனமில்லை. பென்டன் மெக்கே என்பவர் 1921இல் ஒரு கட்டுரையில் முன்வைத்த யோசனை, 1937இல் மெய்ன் முதல் ஜார்ஜியா வரை நீளும் அப்பலாச்சியப் பாதையாக முழுமையடைந்தது. 14 மாநிலங்கள், ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர், வழியில் பல தேசிய வனங்கள். இன்றுவரை அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு பராமரிப்பவை முப்பது சங்கங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் பொறியாளர்களும் செவிலியர்களும் சனிக்கிழமை காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிப் போகிறார்கள். 2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் தெற்கு அப்பலாச்சிய மலைகளைப் புரட்டிப்போட்டபோது இப்பாதையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மூடப்பட்டது. சொந்த ஊரே சேற்றில் கிடந்த நிலையிலும் அவர்கள் மரம் அகற்றப் போனார்கள். மேற்கு மலைகளில் குதிரைக்காரர் சங்கங்கள், உள்ளே பத்து நாள் தங்கி வேலை செய்யும் குழுக்களுக்குத் தங்கள் கோவேறு கழுதைகளில் அரிசி, மாவு, கூடாரம், கருவி எல்லாவற்றையும் சுமந்து கொடுக்கின்றன. கோவில் முற்றத்தில் புல் செதுக்குவதை உழவாரப் பணி என்று நாம் சொல்கிறோம். இதற்கும் அந்தப் பெயரே பொருந்தும்.

1972இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. தன்னார்வலர் ஊழியர் அல்ல; ஆனால் வேலையில் அடிபட்டால் அரசு ஊழியருக்குரிய இழப்பீடு உண்டு. நல்ல சட்டம். தன்னார்வலரைத் துணையாக வைத்துக்கொள்ளும் நோக்கில் எழுதப்பட்டது. துணை எப்போது முதுகெலும்பாக மாறியது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2013இல் வெளியிட்ட அறிக்கை அதைச் சொல்கிறது. 2012 நிதியாண்டில் 1,58,000 மைலில் 37 விழுக்காட்டுக்கு மட்டுமே ஏதோ ஒரு பராமரிப்பு நடந்தது. துறை தானே வகுத்த தரத்துக்குள் இருந்தவை நான்கில் ஒரு பங்கு. தள்ளிப்போட்ட பராமரிப்பின் மதிப்பு 31.4 கோடி டாலர். ஏன் இந்த நிலை? காரணம் காட்டுத்தீ. 1995இல் வனத்துறையின் வரவுசெலவில் 16 விழுக்காடு தீக்குப் போனது; 2015இல் பாதிக்கும் மேல். பணம் எங்கே போனதோ ஆட்களும் அங்கே போனார்கள். 1998 முதல் 2015 வரை தீயணைப்பு அல்லாத பணிகளில் இருந்தவர்கள் 39 விழுக்காடு குறைந்தார்கள். வீடு பற்றி எரியும்போது திண்ணையைப் பெருக்கச் சொல்லவில்லை நாம். ஆனால் பதினேழு ஆண்டுகள் திண்ணையைப் பெருக்காமல் விட்டது தீயின் குற்றம் என்று சொல்லவும் முடியாது. பிற்பாடு தீச்செலவுக்குத் தனி நிதி ஏற்பாடு வந்தது. 2020ஆம் ஆண்டுச் சட்டம், தள்ளிப்போட்ட பராமரிப்புக்கு ஆண்டுக்கு 190 கோடி டாலர் வரை ஐந்து ஆண்டுகளுக்கு அனுமதித்து, அதில் 15 விழுக்காட்டை வனத்துறைக்குக் கொடுத்தது. கட்டடம், பாலம், சாலை, கழிப்பறை, பாதை எல்லாவற்றுக்கும் சேர்த்து.

இதற்கிடையே 2016 நவம்பரில் தேசிய வனப் பாதைகளுக்கென்று இன்னொரு சட்டம். ஐந்து ஆண்டுகளுக்குள் தன்னார்வலரும் பங்காளி அமைப்புகளும் செய்யும் பராமரிப்பை இரட்டிப்பாக்க வேண்டும் என்று அது இலக்கு வைத்தது. பாதைகளுக்கென்று தனி நிதியை அது கொடுக்கவில்லை. சட்டத்தை வரைந்தவர்கள் 2013 அறிக்கையைப் படித்திருப்பார்கள். தன்னார்வலரை நிர்வகிப்பதில் ஊழியரின் நேரம் செலவாகிறது, அதனால் அவர் நேரடியாகப் பாதையில் வேலை செய்யும் நேரம் குறைகிறது என்று அதிகாரிகள் சொன்னதாக அதே அறிக்கையில் இருக்கிறது. பயிற்சி கொடுப்பவர் யார்? ரம்பச் சான்று வழங்குபவர் யார்? எந்தப் பாலம் ஆட்டம் கண்டிருக்கிறது, எந்தச் சரிவில் வடிகால் அடைத்திருக்கிறது, எந்த ஓடையருகே மண்ணைக் கிளறக் கூடாது என்று அறிந்து வேலையைப் பிரித்துக் கொடுப்பவர் யார்? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, அடிபட்டால் பொறுப்பேற்பவர் யார்? இவை எல்லாவற்றுக்கும் ஊதியம் பெறும் ஓர் ஊழியர் வேண்டும். பத்துத் தன்னார்வலரைப் பத்துக் கொத்தனாராக எண்ணிக்கொண்டு மேஸ்திரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் சுவர் எழும்பாது.

2025இல் நடந்தது அதுதான். நீக்கப்பட்டவர்களில் பாதைக் குழுக்களின் தலைவர்கள் இருந்தார்கள்; தன்னார்வச் சங்கங்களோடு தொடர்பு வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். தன்னார்வலரை நம்பித்தான் அரசு இந்த முடிவை எடுத்தது என்றால் தன்னார்வம் எப்படி இயங்குகிறது என்று அதற்குத் தெரியவில்லை. நம்பாமலே எடுத்தது என்றால், பாதைகள் அழிந்தால் அழியட்டும் என்று எண்ணியிருக்கிறது. இரண்டில் எது உண்மையானாலும் அரசின் மீதான குற்றம் குறையவில்லை.

குற்றத்தைக் கூட்டும் செய்தி ஒன்றும் உண்டு. பணிநீக்கம் நடந்த இரண்டு வாரத்தில், மார்ச் 1 அன்று, பொதுக் காடுகளில் மர உற்பத்தியை உடனடியாகப் பெருக்க வேண்டும் என்று வெள்ளை மாளிகை ஆணை பிறப்பித்தது. ஜூனில், ஏறத்தாழ 5.8 கோடி ஏக்கர் காட்டில் புதிய சாலை போடுவதைத் தடுக்கும் 2001ஆம் ஆண்டு விதியை ரத்துசெய்யப் போவதாக வேளாண் அமைச்சர் அறிவித்தார். மரம் வெட்டுவது சட்டம் ஏற்ற ஐந்து பயன்களில் ஒன்று; அதை நாம் பாவம் என்று சொல்லவில்லை. காடு சார்ந்த ஊர்களில் மரஅறுவை ஆலை மூடியபோது எத்தனை குடும்பங்கள் சிதைந்தன என்பதையும் மறக்கவில்லை. ஐந்து பயன்களுக்கும் பொறுப்பேற்ற துறையில் ஒன்றுக்கு ஆணையும் அவசரமும் கிடைக்கிறது, இன்னொன்றுக்கு நன்றிக் கடிதம் கிடைக்கிறது. பந்தியில் சமமாக உட்கார வைத்த சட்டத்தை இப்படிப் பரிமாறுபவர் கெடுக்கிறார்.

இந்த நன்றிகெட்ட தன்மை புதிதும் அல்ல. மலைப்பாதை வேலையில் எல்லோர் கையிலும் இருக்கும் கருவி ஒன்றுண்டு. ஒருபுறம் கோடரி, மறுபுறம் களைக்கொத்து. அதற்குப் புலாஸ்கி என்று பெயர். 1910 ஆகஸ்டில் ஐடஹோ மாநிலத்தைப் பெருந்தீ சூழ்ந்தபோது எட் புலாஸ்கி என்ற வனக்காவலர், தன் குழுவில் 40க்கும் மேற்பட்டவர்களை ஒரு பழைய சுரங்கத்துக்குள் ஓட்டிச் சென்று, வெளியே ஓட முயன்றவர்களைத் துப்பாக்கி காட்டித் தடுத்து, பெரும்பாலானோரின் உயிரைக் காத்தார். கண்ணும் நுரையீரலும் கெட்டுப்போன அவருக்கு அரசிடமிருந்து உரிய இழப்பீடு கிடைக்கவில்லை. இறந்த தோழர்களின் கல்லறைகளை அவரே பார்த்துக்கொண்டார். அரசு செய்ய வேண்டியதைத் தனிமனிதன் செய்வதும், அவன் பெயரைக் கருவிக்குச் சூட்டிவிட்டு அரசு நகர்ந்துவிடுவதும் அந்தத் துறையில் நூறாண்டுப் பழக்கம்.

அரசைச் சொல்லிவிட்டோம். பாதையைப் பயன்படுத்துவோரையும் சொல்லாமல் விட்டால் அது ஓரவஞ்சனை ஆகும்.

நடப்பவருக்குக் குதிரைச் சாணம் பிடிக்காது. குதிரைக்காரருக்குச் சத்தமின்றி வளைவில் பாய்ந்து வரும் சைக்கிள் பிடிக்காது. குதிரை மிரண்டால் உயிர் போகும். சைக்கிள்காரருக்கு மோட்டார் சைக்கிளோடு சேர்த்துத் தன்னையும் ஒரே கணக்கில் வைப்பது பிடிக்காது. மோட்டார் சைக்கிள்காரரைப் பெரும்பாலும் எவருக்குமே பிடிக்காது. மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை நீளும் பசிபிக் முகட்டுப் பாதையில் 1988 முதல் சைக்கிளுக்குத் தடை. அந்தத் தடை சரியா தவறா என்ற வழக்காடல் இன்னும் ஓயவில்லை. இந்தப் பூசல்களில் செலவாகும் நேரத்தையும் வழக்குச் செலவையும் மண்வெட்டிக்குத் திருப்பியிருந்தால் எத்தனை மைல் சீராகியிருக்கும் என்று எவரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு சங்கடமான உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். இயந்திர ரம்பம் அனுமதிக்கப்பட்ட பொதுப் பாதைகளில், வசந்தத்தில் முதலில் ஏறிப்போய் மரத்தை அறுத்து வழி திறப்பவர்கள் பல இடங்களில் மோட்டார் சைக்கிள் சங்கத்தினர்தான். சாலைக்கு வெளியே ஓடும் வாகனங்களின் எரிபொருள் வரியிலிருந்து 1991இல் தொடங்கப்பட்ட பொழுதுபோக்குப் பாதைத் திட்டத்தில் 30 விழுக்காடு மோட்டார் பாதைகளுக்கும், 30 விழுக்காடு மோட்டார் அல்லாத பாதைகளுக்கும், 40 விழுக்காடு பல பயன்பாட்டுப் பாதைகளுக்கும் போகிறது. அதாவது, அமைதி நாடி நடக்கப் போகிறவரின் பாதைக்கும் சத்தம் போடும் வண்டிக்காரர் எரித்த பெட்ரோல் ஒரு பங்கு கொடுக்கிறது. காட்டின் அமைதியைப் பற்றிப் பேசும் உரிமை நடப்பவருக்கு உண்டு. ஆண்டில் ஒரு நாளாவது மண்வெட்டி பிடித்தவர் அதைப் பேசினால் கேட்பவருக்கும் மதிப்பிருக்கும்.

மோட்டார்காரருக்கும் சைக்கிள்காரருக்கும் வேறொரு கணக்குண்டு. அனுமதியின்றித் தாமே காட்டுக்குள் புதுத் தடம் வெட்டுவதைச் சிலர் தன்னார்வப் பணி என்று அழைக்கிறார்கள். மோட்டார் வண்டியை எங்கே ஓட்டலாம் என்று குறித்த வரைபடம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணையும் 2005ஆம் ஆண்டு விதியும் அதற்காகவே வந்தன. இரவோடிரவாக வெட்டும் தடம் நீரோட்டத்தைப் பார்ப்பதில்லை, மான் குட்டி ஈனும் இடத்தையும் பார்ப்பதில்லை. அதைப் பிறகு மூட வேண்டியவர்கள், ஏற்கெனவே ஆள் போதாமல் திணறும் அதே ஊழியர்களும் அதே தன்னார்வலர்களும்தான். பொது நிலத்தில் தன் சுகத்துக்கு வழி வெட்டுவது ஆக்கிரமிப்பு. கையில் மண்வெட்டி இருப்பதால் அது சேவை ஆகிவிடாது.

தன்னார்வச் சங்கங்களுக்கும் ஒரு சொல். நகருக்கு அருகே, கார் நிறுத்துமிடத்திலிருந்து எட்டிவிடும் பாதையில் ஆள் குவிவதும், இரண்டு நாள் நடந்து போக வேண்டிய உட்பாதை அழிந்து வரைபடத்தில் மட்டும் மிஞ்சுவதும் இயல்பு. விரும்பி வருபவர் விரும்பும் இடத்துக்கே வருவார். அதைக் குறையாகச் சொல்வது நியாயமில்லை. விருப்பத்தை நம்பி ஒரு நாட்டின் பாதைகளை விட்டுவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றும் இல்லை.

இனி நம் பக்கம். குடிமராமத்து என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. ஏரிக்கரையில் புதர் வெட்டுவது, மதகைச் சீர்செய்வது, வாய்க்கால் தூர்வாருவது என ஊரார் கூடிச் செய்த வேலை. பொதுவில் விளைந்ததில் ஊருக்குப் பங்கிருந்த காலத்தில் அந்த உழைப்புக்கும் பொருள் இருந்தது. ஆங்கிலேய ஆட்சி நிலவரியைத் தன் கஜானாவுக்கு எடுத்துக்கொண்டது. பராமரிப்பை மட்டும் ஊரின் வழக்கம் என்று சொல்லி ஊரிடமே விட்டது. ஊரார் வரவில்லை. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து, வழக்கப்படி வராதவரிடம் அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இரு மடங்கு வசூலிக்கலாம் என்று எழுதினார்கள். ஏரிகள் அதனால் தூர்வாரப்பட்டுவிடவில்லை. 2017இல் தமிழக அரசு அந்தப் பெயரை மீட்டெடுத்து 100 கோடி ரூபாய் ஒதுக்கிக் குடிமராமத்தை மறுபடி தொடங்கியபோது பெயர் பழையது, செய்த விதம் பல இடங்களில் ஒப்பந்தக்காரருடையது என்ற புகார் எழுந்ததை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். வருவாய் ஓரிடத்துக்கும் வேலை வேறிடத்துக்கும் போகும்போது குடிமக்களின் கை தானாகவே சோர்ந்துவிடும். அமெரிக்கத் தன்னார்வலரின் கை இன்னும் சோரவில்லை. அதைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

நம் காட்டுப் பாதைகளும் இதே திருப்பத்தில் நிற்கின்றன. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் மலைச்சரிவில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 40 வழித்தடங்களைத் திறந்து, மலைகளில் வாழும் இளைஞர்களையே வழிகாட்டிகளாக நியமித்து, கட்டணத்துக்கு நுழைவுச் சீட்டு வழங்கத் தொடங்கியது. நல்ல தொடக்கம். அந்தப் பாதைகளில் தேனெடுப்பவரும் ஆடு மேய்ப்பவரும் குலதெய்வத்தைக் கும்பிடப் போகிறவரும் நமக்கு முன்னரே நடந்தார்கள். வனஉரிமைச் சட்டம் 2006இல் அவர்களில் பலரின் உரிமையை ஏற்றிருக்கிறது. அவர்கள் வழியில் நாம் பின்னால் வந்தவர்கள் என்ற நினைவு சீட்டு வாங்குபவருக்கு இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பொறுக்க மலையேறும் இளைஞர் குழுக்கள் நம்மிடமும் பெருகி வருகின்றன. அவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தும்போது, தீத்தடுப்புக் கோடு வெட்டும் தற்காலிகத் தொழிலாளியின் சம்பளம் எத்தனை மாதம் நிலுவையில் இருக்கிறது என்றும் அதே மேடையில் சொல்ல வேண்டும்.

அமெரிக்க அரசு செய்ய வேண்டியது மங்கலாக இல்லை. பாதைக் குழுக்களின் பணியிடங்களை நிரப்ப வேண்டும். தன்னார்வலரை வழிநடத்தும் ஊழியரைப் பணிநீக்கத்தின் முதல் பட்டியலில் வைப்பதை நிறுத்த வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட இரட்டிப்புக்குரிய பணத்தை ஒதுக்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் தன்னார்வலரைப் புகழ்வது, கூலி கொடுக்காதவன் வேலைக்காரனின் குணத்தைப் புகழ்வதைப் போன்றது.

தமிழ்நாட்டின் அடுத்த வரவுசெலவு அறிக்கை வரும்போது, வழித்தடங்களில் வசூலான கட்டணம் எவ்வளவு, அதில் பாதைப் பராமரிப்புக்கும் வழிகாட்டிகளின் ஊதியத்துக்கும் திரும்பிப் போனது எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் வாசகர்கள் தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டுகிறோம்.